முந்நூறு பேருக்குச் செய்ய முடியாத சாப்பாடு

இருபது வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒருவர் சமைத்துப் போடுகிறேன் என்று சொன்ன அன்று, என் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் நேரம் அப்படி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் நான்தான் பெரிய சமையல்காரி. மதியத்துக்கு மட்டும் முந்நூறு சாப்பாடு. என் வீட்டுக்காரர் ஏசுபாதம் பக்கத்திலேயே ஓர் இரும்பு ஆலையில் எடைமேடையில் வேலை செய்கிறார். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் போட்டுக் கொடுப்பார். வீட்டில் அவரை ‘யோவ்’ என்பேன், நாலு பேர் எதிரில் ‘இன்னாங்க’. ஒரே மகள் ஷீபாவைச் செவ்வாப்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். எங்கள் வீட்டு அடுப்பு டீ போடத்தான் பற்றும். ராத்திரிக்கு கேன்டீனில் மிஞ்சியது தூக்கில் என்னோடு வந்துவிடும். அவருக்குச் சமைக்கவே தெரியாது. எனக்கு இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள், எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது.

இப்போது ஓர் ஆபரேஷன் முடிந்து, அடுத்ததற்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நான் சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடித்த சில நாட்கள் உண்டு. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். என்னைப் போல மாட்டிக்கொண்ட யாருக்காவது உதவலாம். உதவாவிட்டாலும் எனக்குப் பொழுது போகும்.

ஒரு வியாழக்கிழமை சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தபோது வயிற்றைப் பிடித்து இழுத்தது. வாயு என்று நினைத்து சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமை வயிறு உப்பித் தட்டினால் டொப் டொப் என்றது. கும்மிடிப்பூண்டி டாக்டர் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பெரியபாளையம் வழியாக ஆம்புலன்ஸ். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் டிரைவரைத் திட்டினேன். அவன் பாவம், “தோ வந்துச்சும்மா, தோ வந்துச்சும்மா” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ஸ்கேன் அறை வாசலில் தள்ளுவண்டியில் படுத்தபடி இரண்டு மணி நேரம். எனக்கு முன்னால் ஏழு பேர். கேன்டீன் வரிசையில் யாராவது முணுமுணுத்தால் கரண்டியைக் காட்டி மிரட்டுபவள் நான். அங்கே மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தேன். மிரட்டத் தெம்பில்லை.

குடல் அடைப்பு என்றார்கள். டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். வெளியே தையல் ஆறினாற்போல உள்ளேயும் ஆறுமாம். அப்படி ஆறும்போது தழும்பு நூல் நூலாக வளர்ந்து பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம். அப்படி ஒரு நூலில் என் சிறுகுடல் சிக்கி மடங்கிக்கொண்டது. மேலே இருந்து வருவது கீழே போக வழியில்லை. சில சமயம் வயிற்றுக்கு முழு ஓய்வு கொடுத்தால் தானாகவே பிரிந்துவிடும். அதனால் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு குழாய். அதில் பச்சையாக ஒரு தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கையில் டிரிப்ஸ். வாயில் எதுவும் கிடையாது. குடல் திறந்ததற்கு அடையாளம் காற்று பிரிவது. தினமும் காலையில் டாக்டரம்மா வந்து பத்துப் பேர் நடுவில், “காத்து பிரிஞ்சுதாம்மா?” என்று கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அதே கேள்வியை என் வீட்டுக்காரர் எடைமேடையிலிருந்து போனில் கேட்பார், பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நாற்பத்தெட்டு வயதில் என் மானம் இதில் வந்து நின்றது.

தானாகத் திறக்காவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டும். நிலைமை மோசமாக இருந்தால் குடலை வெளியே எடுத்து வைத்து, மலம் விழுவதற்கு வயிற்றில் ஒரு பை கட்ட வேண்டியிருக்கும் என்றும் டாக்டரம்மா சொல்லிவைத்தார். ‘பை’ என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் அதைச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் குழாயின் பையில் எத்தனை மில்லி என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரூபி, இன்னா துன்னணும்னு கீது உனுக்கு? சொல்லு. ஊட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரி நானே ஆக்கிப் போடறேன்.”

“யாரு, நீங்களா?”

“நாந்தான். போன்ல பாத்தா எல்லாம் சொல்றான். இல்லாங்காட்டி நீ கீற. சொல்லிக்குடு.”

பக்கத்துக் கட்டில் பார்வதிக்கு என் வயதுதான். பொதட்டூர்பேட்டைக்காரி, பித்தப்பையில் கல். அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. “சும்மா வுடாத ரூபிக்கா. பெருசா கேளு. ஆம்பள வாய்லேந்து இந்த மாதிரி வார்த்த தினமும் வராது” என்றாள்.

அதிலிருந்து எனக்கு அதுவே வேலை. பட்டினி கிடக்கிறவளுக்குச் சாப்பாட்டு நினைப்பு கூடாது என்பார்கள். எனக்கு அந்த நினைப்பு மட்டும்தான் இருந்தது. முதல் நாள் பழவேற்காட்டு இறால் தொக்கு, எண்ணெய்க் கத்திரிக்காய், முருங்கைக்கீரைப் பொரியல் என்று அடுக்கினேன். மறுநாள் காலையில் அதெல்லாம் வேண்டாமென்று தோன்றியது. இறாலுக்கு நரம்பு எடுக்க வேண்டும், கீரையை ஆய வேண்டும். அந்த மனுஷன் கீரையை ஆய்ந்து முடிப்பதற்குள் எனக்கு அடுத்த அடைப்பே வந்துவிடும். அப்புறம் கருவாட்டுக் குழம்பு என்றேன். அதையும் நானே அடித்தேன். யோசித்துப் பார்த்தால் நான் கேட்டதெல்லாம் நானே கேன்டீனில் அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டியவை. எதைச் சொன்னாலும் கூடவே எத்தனை கிலோ என்றுதான் மனதில் வந்தது.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. முந்நூறு பேருக்குச் செய்ய முடியாத ஒன்றைத்தான் கேட்க வேண்டும். தோசை. எங்கள் கேன்டீனில் தோசை கிடையாது. ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றாகத் திருப்பி, கல்லிலிருந்து எடுத்த உடனே ஒருவருடைய தட்டில் வைக்க வேண்டிய பண்டம் அது. வைப்பவர் ஒருவர், உட்கார்ந்து தின்பவர் ஒருவர். நான் இத்தனை வருடத்தில் உட்கார்ந்த இடத்துக்குச் சூடாக எதுவும் வந்து சாப்பிட்டதில்லை. முந்நூறு பேரும் கை கழுவிய பிறகு, அடியில் கிடப்பதை நின்றுகொண்டே தின்று பழக்கம். அதனால் தோசை, தொட்டுக்கொள்ள கேரட் போட்ட சாம்பார்.

“இவ்ளோதானா?” என்றார் அவர். ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

“இவ்ளோதான். ஆனா ஒண்ணொண்ணா வரணும். நான் எந்திரிக்க மாட்டேன்.”

சாம்பாருக்கு அளவு கேட்டார். எனக்குத் தெரிந்த அளவைச் சொன்னேன்: பன்னிரண்டு கிலோ பருப்பு, பத்து கிலோ கேரட், அறுபது லிட்டர் தண்ணீர், முக்கால் மணி நேரம் கொதி. அவர் ஓர் எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. வயிற்று வலி மாறியது. அதுவரை விட்டு விட்டு வந்தது விடாமல் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்த முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, “பை மட்டும் வேணாம்னு சொல்லுங்க. செத்தாலும் பரவால்ல” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆபரேஷன் அறைக் கதவு சாத்தும் வரை அவர் பக்கம் திரும்பவில்லை.

கண் விழித்ததும் வலது பக்கம் தடவினேன். வழவழவென்று பிளாஸ்டிக். அவ்வளவுதான், கையை எடுத்துவிட்டேன்.

குடலில் ஒரு முழம் கறுத்துப் போயிருந்ததாம். வெட்டி எடுத்துவிட்டார்கள். உள்ளே சீழ் இருந்ததால் உடனே ஒட்டுப் போட்டால் பிய்ந்துவிடும் என்று, குடலின் வாயை வயிற்றின் மேல் திறந்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து உள்ளே தள்ளி மூடிவிடுவார்களாம். அதுவரை சாப்பிடுவது ஜீரணமாகி அந்த வாய் வழியாகப் பைக்கு வரும். “டெம்பரரிதாம்மா” என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் என்பது அவருக்குச் சின்னதாகத் தெரிந்திருக்கலாம்.

பையைக் காலி செய்யச் சொல்லிக்கொடுக்க சிஸ்டர் வந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “நீங்க பாத்தாதானேம்மா கத்துக்க முடியும்?” என்றார். நான் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். கிளிப்பைத் திறப்பது, அளவு ஜாடியில் ஊற்றுவது, எத்தனை மில்லி என்று பார்ப்பது, துடைப்பது, மூடுவது. உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம் என்று சிஸ்டர் ஒரு தாள் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகமே மலர்ந்தது. அவர் செய்கிற வேலையே அதுதானே.

கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தவள், அரை டம்ளர் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றின்மேல் பை வெதுவெதுப்பாகக் கனத்தது. அவர் வந்து குனிந்து காலி செய்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. முந்நூறு பேர் என் கைச் சோறு தின்கிறார்கள். அந்தக் கை உள்ளவளின் மலத்தைப் புருஷன் ஜாடியில் அளக்கிறான். அழுகையாக வந்தது, வெட்கமாக இருந்தது. சாப்பிடாவிட்டால் பையில் எதுவும் வராது என்று கணக்குப் போட்டேன்.

அதன்பிறகு கஞ்சியைக் கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். ரொட்டியைப் பார்வதியைப் பார்க்க வருகிறவர்களிடம் கொடுத்தேன். கேட்டால் சாப்பிட்டாயிற்று என்று சொன்னேன். பார்வதி முறைத்தாள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. ஷீபா ரயில் பிடித்து வந்து, “எங்கூட செவ்வாப்பேட்டைக்கு வந்துடும்மா, நான் ஆக்கித் தரேன்” என்று கெஞ்சினாள். சம்பந்தி வீட்டில், இந்தப் பையோடா? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

இப்படி ஏமாற்றிய மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

“உள்ள போனது எட்நூறுன்னு எயுதிக்கினு வரேன். வெளிய வர்ற நெறத்தப் பாத்தா சாப்பாடே இல்ல, வெறும் தண்ணி. கணக்கு இடிக்குது ரூபி.”

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

“இருபத்தாறு வருசமா லாரிக்காரனுங்கள பாக்கறேன். எடைய கூட்டிக் காட்ட டேங்க்ல தண்ணிய ரொப்பிக்கினு வருவானுங்க. அவனுங்களயே புடிச்சுடுவேன். நீ எங்கிட்ட கள்ளக் கணக்கு காட்ற.”

அன்று சாயங்காலமே எனக்குக் காலில் தசை பிடித்து இழுத்தது, கண் இருட்டியது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் குடல் நீர் ஊறிக்கொண்டேதான் இருக்குமாம். உடம்பின் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு பைக்குப் போய்விடுமாம். டாக்டரம்மா மறுபடி டிரிப்ஸ் ஏற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். “இப்படியே போனா கிட்னி கெட்டுடும். உடம்பு தேறாம ரெண்டாவது ஆபரேஷனையும் பண்ண முடியாது. பை நிரந்தரமா இருக்கணுமா உங்களுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் வந்த கஞ்சியைத் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “தெனமும் ஊட்ல சாம்பார் வெச்சுக்கினு கீறேன். நீ குடுத்தது முந்நூறு பேருக்கு, நாம ரெண்டு பேரு, அதால நூத்தம்பதால வகுத்தேன். எண்பது கிராம் பருப்பு, அறுபத்தேழு கிராம் கேரட், நானூறு மில்லி தண்ணி. நகைக்கடை மாதிரி ஒரு தராசு வாங்கிக்கினேன். மொதல் நாளு பாத்தரம் தீஞ்சுபோச்சு. ரெண்டாம் நாளும் தீஞ்சுபோச்சு. தராசு தப்பானு கூடப் பாத்தேன்.”

“எவ்ளோ நேரம் கொதிக்க வெச்சீங்க?”

“நீ சொன்ன முக்கா மணி நேரம்.”

“யோவ்,” என்றேன், வார்டில் எல்லார் எதிரிலும். “அது அறுவது லிட்டருக்குயா!”

“அது பெறவுதான் தெரிஞ்சுது. தண்ணிய வகுத்துட்டேன், நேரத்த வகுக்கல.”

பார்வதி போர்வையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் தையலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வலியில் கண்ணீர் வந்தது. சிரித்து முடித்ததும் உண்மையாகவே அழுதேன், அவர் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். அன்றைக்கு ஒரு டம்ளர் உப்புக் கஞ்சி குடித்தேன். குடித்தது அவருக்காகத்தான். ருசி தெரியவில்லை.

இரண்டு நாளில் டிரிப்ஸை எடுத்துவிட்டு டாக்டரம்மா ஒரு நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பினார். காலையில் தாளோடு வர வேண்டும், ராத்திரி சரியாகச் சாப்பிட்டிருக்காவிட்டால் திரும்பவும் கட்டில்தான். ஆபரேஷன் செலவு காப்பீட்டு அட்டையில் போயிற்று. பைகளை மட்டும் வெளியே வாங்க வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பர்ஸை ஒரு முறை எண்ணிப் பார்த்து ஒரு பெட்டி வாங்கிக்கொண்டார். சாப்பாட்டில் கீரை, முருங்கை, தேங்காய், விதை உள்ள காய் எல்லாவற்றையும் டாக்டரம்மா அடித்துவிட்டார், நார் போய் அடைத்துக்கொள்ளுமாம். தோசையையும் தோல் சீவி நன்றாக வேகவைத்த கேரட்டையும் விட்டுவைத்தார். நன்றாக மென்று தின்ன வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்.

அன்று ராத்திரி ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஸ்டூல் போட்டு, அதன்மேல் தட்டு வைத்தார். மாவு கடைப் பாக்கெட். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி அவரே வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவது ஓரம் கிழிந்து வந்தது. அதைத் தோசைத் திருப்பியில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்து என் தட்டில் போட்டார். ஆவி பறந்தது. சாம்பார் நீர்த்திருந்தது, புளி ஒரு பிடி தூக்கல். கேரட்டெல்லாம் ஒரே அளவில், ஒரே கனத்தில் கிடந்தன.

பையை நினைத்தேன். தோசை ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய சாப்பாட்டைத்தான் இத்தனை வருடமும் தின்றோமே என்று எனக்கு ஓர் ஆத்திரம் வந்தது. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டேன். அப்புறம் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் அடுத்ததைக் கொண்டுவருவதற்குள் தட்டு காலியாக இருந்தது. மூன்று தோசை. நான் எழுந்திருக்கவே இல்லை.

காலை ஆறு மணிக்கு அவர் ஜாடியோடு வந்தார். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளிப் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயம் வந்தது.

“இன்னாயா? ரத்தமா?”

“இல்ல.” அவர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு வருத்தம். “கேரட்டு, துண்டு துண்டா முழுசா வந்துகினு கீது. வேகல. இந்தத் தபா நேரத்த ரொம்ப வகுத்துட்டேன் போல.”

“வேகலயா? காட்டு.”

காட்டு என்று சொன்ன பிறகுதான், என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் ஜாடியை என் பக்கம் கொண்டுவந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். முதலில் ஜாடியை, அப்புறம் என் வயிற்றை. சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன வாய். அவ்வளவுதான் அது. அப்புறம் மறுபடி ஜாடியைப் பார்த்தேன். இருபது வருடம் கேரட் வேகவைத்தவளுக்கு, வெந்ததா வேகாததா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“நல்லாத்தான் வெந்துகீதுய்யா,” என்றேன். “நாந்தான் மெல்லாம முழுங்கிட்டேன். அவ்ளோ பசி.”